நான் வாசித்துக் கெடுத்த வியாபாரம்

அன்பு மகளுக்கு, அப்பா சொந்தக் கையால் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள். இங்கே நான் சுகம் என்று எழுதலாம், அம்மா சுகம் என்று எழுத மனம் வரவில்லை. இனி ஒரு கடிதத்துக்காக யார் காலிலும் விழ வேண்டியதில்லை பாப்பா, முதியோர் வகுப்பில் உன் அப்பாதான் முதல். 'ழ' மட்டும் குழாய் வளைவு மாதிரி வருகிறது, பொறுத்துக்கொள்.

வாசலில் அம்மா சங்கிலியைப் பறிகொடுத்து நான்கு மாதமாகிறது, கழுத்துக் காயம் ஆறிவிட்டது, பயம் ஆறவில்லை. மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் கையிலிருக்கும் தட்டைப் போட்டுவிடுகிறாள், முன் அறைக்கே வருவதில்லை, சாப்பாடு இரண்டு வாய்தான். பொண்ணு ஊருக்கே போயிடலாம், இங்க இருந்தா நான் செத்துடுவேன் என்று ஒரே பேச்சு. வீட்டை விற்றால்தானே போக முடியும். பக்கத்து வீட்டு டீச்சர் பயந்துபோய் வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போனார், இப்போது அந்தப் பாதி விலைதான் தெருவுக்கே விலை என்கிறார் புரோக்கர்.

அப்படியும் போன செவ்வாய்க்கிழமை முழு விலைக்கு வாங்க ஒரு புருஷன் பெண்டாட்டி இருவரையும் அவரே கூட்டி வந்தார். நான் பதித்த குழாய்களைத் திறந்து பார்த்து அந்த அம்மாளுக்கு ஒரே சந்தோஷம். பேசி முடித்து வாசலுக்கு வந்தால் விளக்குக் கம்பத்தில் போலீஸ் ஒட்டிய தாள். எழுத்தைக் கண்டால் இப்போது என் வாய் சும்மா இருப்பதில்லையே. எச்சரிக்கை, இந்தத் தெருவில் நகை பறிப்பு நடக்கிறது என்று எழுத்துக் கூட்டிக் கடைசி வரி வரை சத்தமாக வாசித்துவிட்டு, எப்படி என்று அவர்களைப் பார்த்துச் சிரித்தேன். அந்த அம்மாள் கழுத்தைப் பொத்திக்கொண்டு காரில் ஏறிவிட்டாள். பெரியவரே, எழுபது வருஷம் படிக்காம இருந்தீங்க, இன்னும் பத்து நிமிஷம் இருக்கக் கூடாதா என்று புரோக்கர் தலையில் அடித்துக்கொண்டார். நுணலும் தன் வாயால் கெடும் என்பது என் விஷயத்தில் சரியாகிவிட்டது. அம்மா திட்டவில்லை, கட்டிவைத்த பெட்டி மேலேயே உட்கார்ந்திருக்கிறாள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்தத் தாளைக் கிழிச்சுப் போடுங்க, அடுத்து வர்றவனுக்குத் தெரியவா போகுது என்றார் புரோக்கர். போய் நின்றேன், முடியவில்லை, அவன் வீட்டிலும் ஒரு பெண்பிள்ளை இருக்குமே. டீச்சர் வீட்டை வாங்கிய வியாபாரிக்கே அந்தப் பாதி விலைக்குச் சம்மதித்துவிட்டேன். அதற்கு உங்கள் ஊரில் வீடு வராது, வாடகைக்கு ஒரு அறை போதும், மாப்பிள்ளையிடம் பக்குவமாகச் சொல். வெள்ளிக்கிழமை பத்திரப் பதிவு. கைநாட்டு வைக்கமாட்டேன், கையெழுத்துதான். மூன்று நாளாக நோட்டில் என் பெயரை எழுதிப் பழகுகிறேன் பாப்பா, வகுப்பில் ஓடின பேனா இதற்கு மட்டும் பாதியில் நின்றுவிடுகிறது.

நீங்கள் இருவரும் குறையில்லாமல் வாழ வேண்டும். கழுத்தில் எதையும் போட்டுக்கொண்டு வெளியே போகாதே. அறைக்குத் தெருப்பக்கம் ஜன்னல் இல்லாமல் பார், மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா