நசீர் தாய்க்கு எழுதிய கடிதம்

12.8.1976, வியாழன்

தன் கலியாணத்துக்கு என்னைக் கூப்பிடாத நசீர், இன்று மத்தியானம் என்னைத் தேடிச் சிட்னி பரமட்டா ஆஸ்பத்திரிக்கு வந்தான். போன மாதம் பிறந்த மகளின் நாற்பதாம் நாளுக்குக் கொழும்பிலிருந்து தாய் வருகிறாளாம். முடி இறக்கி, "மத்ததையும்" செய்யவேண்டுமாம்.

"சரி எண்டு எழுதிட்டேன், டொக்டர். மத்ததெண்டா காது குத்துறதானே?"

பெண்ணுறுப்பில் வெட்டுவது என்றேன். உட்கார்ந்துவிட்டான். பெண்கள் விஷயமென்று இதுவரை கேட்கவேயில்லை. நானும் இதைப்பற்றிப் புத்தகத்தில் ஒரு பந்தி மட்டும் படித்தவன்தான்.

மனைவிக்குப் போன் எடுத்தான். அவள் கத்தியது எனக்கே கேட்டது.

"எனக்கு வெட்டினது போதும்! உங்கட உம்மாவுக்குக் கதவே தொறக்கிறல்ல எண்டு இருந்தேன்!"

கதவு என்றதும் இருவரும் சிரித்துவிட்டோம். வெட்டமாட்டோம் என்று அங்கேயே தாய்க்குக் கடிதம் எழுதினான். கீழே 'மகன்' என்பதற்குப் பதிலாக, மகளுக்கு எழுதுவதுபோல 'வாப்பா' என்று கையெழுத்திட்டிருந்தான். திருத்தச் சொன்னேன்.

"இருக்கட்டும்" என்று உறையை ஒட்டினான்.