எட்டு மைலுக்குள் மின்னல்

மே 31, வெள்ளி. மாலை 5.40. உள்ளே வந்த தலைகள் 14,206.
கௌபாய் தொப்பிகள், என் கணக்கில், பத்தாயிரத்துக்குக் குறையாது. இவர்களில் மாட்டைத் தொட்டுப் பார்த்தவர்கள் நாற்பது பேர் இருந்தால் அதிகம். மற்றவர்களுக்கு மாடு என்பது ரொட்டிக்கு நடுவில் இருப்பது.

அமெரிக்காவின் கேன்சஸில், கன்ட்ரி பாட்டுக் கச்சேரிகள் நடக்கும் இந்தத் திறந்தவெளி அரங்குக்கு வந்து இரண்டு மாதம். ஒலி அமைப்பு என் பொறுப்பு. நான் மின்பொறியியல் படித்தவன் என்பதால், மின்னலும் உன் துறைதான் என்று மேலாளர் டார்லீன் வானிலைக் கண்காணிப்பையும் என் தலையில் கட்டிவிட்டார். விதி எளிது. எட்டு மைலுக்குள் மின்னல் விழுந்தால் பாட்டை நிறுத்தி எல்லோரையும் வண்டிகளுக்கு அனுப்ப வேண்டும்; மூடிய வண்டிக்குள் மின்னல் ஆளைத் தொடாது.

"விதி சுவத்துல இருக்கு ஆரின். அங்கயே இருக்கட்டும்" என்கிறார் டார்லீன்.

ஜூன் 1.
காதுக்குள் இன்னும் பான்ஜோ வாத்தியம்.

ஜூன் 7, வெள்ளி.
பதினோரு மைலில் மின்னல். கட்டாயமில்லை என்றாலும் சோதித்துப் பார்க்க, வண்டிகளுக்குப் போங்கள் என்று அறிவித்தேன். எழுந்தவர்கள் சுமார் இருநூறு. அதில் பாதி கழிவறைக்கு.

ரசிகர்கள் உட்காரும் புல்மேட்டுக்கே ஏறிப் போய், இரும்பு மடக்கு நாற்காலியில் இருந்த ஒரு பெரியவரிடம் கேட்டேன், ஏன் எழவில்லை என்று.

"எங்கப்பா இதவிடப் பெரிய இடியில டிராக்டர் ஓட்டுனவரு, தம்பி."

"இப்ப எங்க இருக்காரு?"

"செத்துட்டாரு."

"எப்படி?"

"அத விடு."

மேடை மின்பணியாளர் ஹாஸ்கெல் சிரித்தார். "மழைக்கு ஒதுங்குனா பக்கத்துச் சீட்டுக்காரன் கேலி பண்ணுவான்டா. அதுக்கு மின்னலே தேவலாம்னு இருப்பானுங்க."

ஒருநாள் இந்த மேட்டில் ஆள் சாகும் என்று டார்லீனுக்கு எழுதினேன். பதிலுக்குக் கட்டைவிரல் படம் ஒன்று வந்தது.

ஜூன் 13, வியாழன்.
நாளைய நிகழ்ச்சியின் நட்சத்திரப் பாடகர் ரைடர் ஹாலன் ஒத்திகைக்கு வந்தார். சிகாகோ புறநகரில் பல் மருத்துவரின் மகன். மேடையேறுமுன் அவர் பூட்ஸில் சேறு பூச ஒரு ஆள் இருக்கிறான், சம்பளத்துக்கு. அவருடைய பெரிய பாட்டு, புயலைக் கண்டு ஓடாதவனைப் பற்றியது.

நான் நிறுத்தச் சொன்னால் நீங்களே மைக்கில் சொல்லுங்கள், உங்கள் பேச்சைத்தான் கேட்பார்கள் என்றேன்.

"ஓடமாட்டேன்னு பாடிட்டு, ஓடுங்கன்னு நானே சொல்றதா? என் ஜனங்க என்னைப் பத்தி என்னப்பா நெனப்பாங்க?"

"என்னவோ நெனப்பாங்க. உயிரோட இருந்து நெனப்பாங்க."

திமிர் பிடித்தவன் என்று டார்லீனிடம் புகார் போயிற்று.

ஜூன் 14, வெள்ளி. 17,380 பேர்.
வரிசையாக எழுதிவிடுகிறேன்.

6.52. ஏழு மைலில் மின்னல். அறிவித்தேன். கைதட்டினார்கள் — மின்னலுக்கு! வாக்கிடாக்கியில் டார்லீன்: "பத்து நிமிஷம் பொறு, பீர் வரிசை நீளமா இருக்கு."

6.58. ஐந்து மைல். ரைடர் புயல் பாட்டை ஆரம்பித்தார். மொட்டை மேட்டில் ஆறாயிரம் பேர் தொப்பியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடவே பாடுகிறார்கள். உச்சியில் இரும்பு விளக்குக் கம்பம்.

ஹாஸ்கெலிடம் சாவியை வாங்கி மேடை மின்சாரத்தை வெட்டினேன். அறிவிப்பு மைக் மட்டும் உயிரோடு. ஊளை. பீர் கேன்கள் பறந்து வந்தன. ஒருத்தனும் நகரலை. என்ன சொன்னா கேப்பானுங்க? உயிர்னு சொன்னா கேக்கல. புள்ளைங்கன்னு சொன்னேன், கேக்கல. வேறென்னதான் இருக்கு இவனுங்ககிட்ட?

அப்போதுதான் வாகன நிறுத்தத்தைப் பார்த்தேன். வரிசை வரிசையாகப் பிக்கப் வண்டிகள். மெழுகு தேய்த்துப் பளபளவென்று.

"ஆலங்கட்டி மழை வருகிறது. கோழிமுட்டை அளவு. பன்னிரண்டு நிமிடத்தில் வாகன நிறுத்தத்தை அடிக்கும்."

தூக்கிய தொப்பிகள் கீழே இறங்கின. பிறகு எங்கிருந்தோ ஒரு அலறல்: "ஐயோ, என் வண்டி! பெயின்ட்டு!"

ஒன்பது நிமிடம். மேடு காலி. ஒருவன் குழந்தையை மனைவி கையில் திணித்துவிட்டுச் சாவியோடு பறந்தான். முதல் ஆளாக ஓடியது ரைடர். அவருடைய புது வண்டி மேடைக்குப் பின்னால் நின்றது.

7.16. கம்பத்தில் விழுந்தது.

கம்பத்தைச் சுற்றிப் பதினான்கு நாற்காலிகள் கருகிக் கிடந்தன. ஆள் யாருமில்லை. ஆலங்கட்டி ஒன்றுகூட விழவில்லை.

ஜூன் 15.
புகார்கள் 3,106. எல்லாம் ஒரே கேள்வி: ஆலங்கட்டி எங்கே? மின்னலைப் பற்றி எழுதியவர் ஒருவர்தான். நாற்காலிக்கு நஷ்டஈடு கேட்கிறார்.

"மைக்ல பொய் சொல்லியிருக்கே. பதினேழாயிரம் பேர்கிட்ட" என்றார் டார்லீன்.

"ஆமா."

"விதின்னு ஒண்ணு இருக்கில்ல?"

"சுவத்துல இருக்கே, அதுவா?"

வேலைநீக்கம் இல்லை. விசாரணை முடியும்வரை வீட்டில் இரு என்றார்.

ஜூன் 16.
பேட்டியில் ரைடர்: கடைசி ஆள் வெளியேறும்வரை மேடையில் நின்றாராம்.

ஜூன் 17, திங்கள்.
மாவட்டத் தீயணைப்புத் தலைவர் விசாரணைக்கு வந்தார். கருகிய புல்லைக் குனிந்து தொட்டுப் பார்த்தார்.

"பயிற்சியிலயே முப்பத்தஞ்சு நிமிஷம் ஆகும். ஒம்பது நிமிஷத்துல எப்படிப்பா கெளப்புன?"

சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"நான் இருந்திருந்தாலும் வண்டிக்குத்தான் ஓடியிருப்பேன்" என்றார்.

ஜூன் 19, புதன்.
மாவட்டத்திலிருந்து கடிதம். இனி நிகழ்ச்சியை நிறுத்தும் அதிகாரம் ஆரினுக்கு மட்டுமே. அவன் இல்லாமல் அரங்கைத் திறக்கக் கூடாது. டார்லீன் அதை மேசைமேல் என் பக்கமாகத் தள்ளினார். கட்டைவிரல் ஏதும் காட்டவில்லை.

இனிச் செய்ய வேண்டியவை:

1. வெள்ளி மாலை மைக்கில் மன்னிப்புக் கேட்பது. ஆலங்கட்டி பொய், மின்னல் உண்மை என்று இரண்டையும் சொல்வது.
2. கருகிய இடத்தில் புதுப் புல் பதிக்க ஆள் வருகிறார்களாம். திருப்பி அனுப்புவது. அது கண்ணில் படட்டும்.
3. மேடை மின்சாரச் சாவியை ஹாஸ்கெலிடமிருந்து வாங்கி என்னிடம் வைத்துக்கொள்வது.
4. அந்தப் பொய் இனி ஒருபோதும் பலிக்காது. உண்மையைச் சொல்லியே பதினேழாயிரம் பேரை எழுப்ப ஒரு வழி கண்டுபிடிப்பது. இன்னும் கிடைக்கவில்லை. வெள்ளி மாலை இடியுடன் மழைக்கு எழுபது சதவீத வாய்ப்பு.