ஆஸ்பத்திரி வாசலில் விசாரித்தவை

பெப்ரவரி 5

சுயதொழில் வகுப்பில் இன்று நான் கஞ்சிக்கடை என்றதும் பக்கத்திலிருந்த ரிஸ்கா சிரித்துவிட்டாள். வகுப்பெடுப்பவர் சிரிக்கவில்லை. "உங்க ஆசைய எழுதாதீங்க ஷிஹானா. யாரு வாங்குவாங்க, இப்ப எங்க வாங்குறாங்க, ஏன் உங்ககிட்ட வரணும்? போய்க் கேட்டு எழுதுங்க."

பதுளை ஆஸ்பத்திரிக்கு எதிரே வாப்பா விட்டுப்போன ஹோட்டல். இப்போது என் அண்ணன் பஸீல் நானாவுடையது. அதன் முன்னறையை எனக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். தலாக்காகி உம்மாவோடு ஒண்டியிருப்பவளுக்கு அந்த அறை போதும்.

பெப்ரவரி 7

ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். முதலில் பேச்சுக் கொடுத்தவர்கள், ஏதோ விற்க வந்தவள் என்று விலகிப் போனார்கள். பிறகு பெரியாயி. ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டம், புருஷனுக்கு வயிற்றில் ஆபரேஷன். படிக்கட்டில் உட்கார்ந்து காய்ந்த ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"சோறு எங்கயும் கெடைக்குதுங்க. அவருக்குக் கஞ்சிதான் குடுக்கச் சொல்றாங்க. அத யாரு வச்சுத் தர்றா?"

எங்கள் ஹோட்டலைக் காட்டினேன். தயங்கினாள்.

"மாட்டெறச்சி ஆக்குற சட்டிங்க... நாங்க பொழங்குறதில்ல. தப்பா நெனைக்காதீங்கம்மா."

சுருக்கென்றது. ஆனால் ஹலாலா என்று கேட்காமல் நான் எங்காவது வாய் வைத்திருக்கிறேனா?

"தனிச் சட்டி, தனிக் கரண்டி வச்சா?"

"நீங்க சொன்னா நம்பி வாங்குவோம்."

பெப்ரவரி 12

கேட்டதையெல்லாம் நானாவிடம் சொன்னேன். முதல் பஸ்ஸில் வருகிறவர்கள் வெறும் வயிற்றோடு வருகிறார்கள். பக்கத்துக் கடைகளில் அந்நேரம் தேநீர் மட்டும்தான். வார்டுக்குக் கொண்டுபோக மூடி போட்ட பாத்திரம் வேண்டும். சுடுதண்ணி வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, தனிச் சட்டி. நானா என் பேச்சை இவ்வளவு கவனமாகக் கேட்டதே இல்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

பெப்ரவரி 26

முன்னறையில் போர்டு தொங்குகிறது. 'கஞ்சி – தனிச் சமையல்.' காசு மேசையில் மச்சியின் தம்பி, நானாவின் மைத்துனன் முஸ்தாக்!

"பொம்பள நீ கடை முன்னுக்கு நிக்க ஏலுமா? குசினியில சமையலப் பாத்துக்க. சம்பளம் தாறன்" என்றார் நானா.

என் கடையில் எனக்குச் சம்பளம்!

உம்மா: "அவன் தாறதே பெரிசு."

மார்ச் 1

போனேன். வேற எங்க போறது?

மார்ச் 14

நல்ல கூட்டம். தோட்டத்து ஆட்கள்தான் அதிகம். தனிச் சட்டியைக் கழுவ நேரமில்லையென்று முஸ்தாக் இறைச்சி இறக்கிய சட்டியிலேயே கஞ்சிக்கு அரிசி போட்டான். நானாவிடம் ஓடினேன்.

"கழுவினா எல்லாம் ஒண்ணுதான். அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

தெரியாதுதான். நான் சொன்னதை நம்பித்தானே வருகிறார்கள்! வாயை மூடிக்கொண்டு கஞ்சி ஊற்றினேன். நானேதான் ஊற்றினேன்.

மார்ச் 15

பெரியாயி வந்தாள். புருஷனை மறுபடி வார்டில் போட்டிருக்கிறார்களாம். "ஒங்களப் பாத்ததும் தெம்பா இருக்கு" என்று பாத்திரத்தை நீட்டினாள்.

பாத்திரத்தை அவள் பக்கமே தள்ளினேன்.

"வேணாம். ஒரே சட்டிதான்."

"நேத்து எம் மக வாங்கிட்டு வந்தாளே... அதுவுமா?"

"ஆமா."

"நீங்கதானேம்மா சொன்னீங்க."

பெரியாயி சத்தம் போடவில்லை. போட்டிருக்கலாம். வரிசையில் நின்றவர்களில் பலர் அவள் பின்னாலேயே போய்விட்டார்கள்.

நானா எல்லோர் முன்னாலும் கத்தினார்: "சொந்தக் கடைய நாசமாக்கிட்டியே! இனி இந்தப் பக்கம் வராத."

மார்ச் 18

வகுப்புக்குப் போகவில்லை. எதை எழுதிக் கொடுப்பது?

மே 19

பண்டாரவளையில் ஒரு மாணவியர் விடுதியில் சமையல் வேலை. தங்க இடம் தருகிறார்கள். இன்று உடுப்பு எடுக்க பதுளை போனேன். பஸ் ஆஸ்பத்திரியைக் கடந்தபோது பார்த்தேன். நானாவின் கடையில் கூட்டம் நிரம்பி வழிகிறது. அதே போர்டு. ஆஸ்பத்திரிக்கு நாளும் புது ஆட்கள் வருகிறார்கள், மார்ச்சில் நடந்தது எவருக்கும் தெரியாது – இதை மட்டும் நான் விசாரிக்காமல் விட்டிருக்கிறேன்.

உம்மா சொன்னாள்: "நானாக்கிட்ட ஒரு மாப்புக் கேட்டுட்டு வந்து சேரு."

"எதுக்கு உம்மா மாப்பு?"

யோசித்தாள். என் உடுப்புகளை மடிக்கத் தொடங்கினாள்.