உன் பெயரில் நான் எழுதிய பதினொரு கடிதங்கள்

என் நெஞ்சை விட்டு நீங்காத தம்பி வேலாயுதத்துக்கு,

உன் மறைவை நான் உலகுக்கு முறையாக அறிவித்ததே இல்லை. பத்திரிகையில் இரண்டு வரியோ, நண்பர்கள் கூடிய ஓர் இரங்கல் கூட்டமோ உனக்குக் கிடைக்கவில்லை. அதற்குக் காரணம் நான். அதைச் சொல்லத்தான் இத்தனை ஆண்டுகள் கழித்து எழுதுகிறேன். பிறரும் படிக்க வேண்டும் என்றே எழுதுகிறேன்.

முதலில் உன் மகளைப் பற்றிச் சொல்கிறேன். தேன்மொழிக்குப் பதினேழு முடிந்துவிட்டது. உன்னைப் போலவே ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் புருவத்தை உயர்த்தியபடி காத்திருக்கிறாள். அடுத்த வாரம் அவளுக்குப் பள்ளி இறுதித் தேர்வு. கணக்கும் அறிவியலும் அவளை ஒன்றும் செய்யவில்லை. வரலாறுதான் எங்கள் வீட்டைப் புரட்டிப் போட்டுவிட்டது.

நாம் படித்த வரலாறு வேறு, தம்பி. மன்னன் பெயரையும் போர் நடந்த ஆண்டையும் ஒப்பித்தால் போதும். இவளுடைய ஆசிரியை பழைய கடிதத்தின் ஒரு துண்டையோ அரசாங்க ஆணையின் ஒரு பத்தியையோ கையில் கொடுத்துவிட்டு, இதை எழுதியவர் யார், யாருக்கு எழுதினார், எந்த ஆண்டில், என்ன நோக்கத்தோடு, இதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று கேட்கிறார். அந்தப் பயிற்சிக்காக, வீட்டில் இருக்கும் பழைய தாள்களில் சிலவற்றை ஆராய்ந்து எழுதி வரச் சொன்னாராம்.

தேன்மொழி அதற்கு எடுத்துக்கொண்டது உன் கடிதங்களை.

அம்மா காலமான பிறகு நாகப்பட்டினத்திலிருந்து கடல் கடந்து இங்கே கப்பலில் வந்த தகரப் பெட்டியில் அவை இருந்தன. அம்மா கடிதங்களைக் கம்பியில் குத்தி வைப்பாள் அல்லவா? பதினான்கு தாள்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு துளை. உறைகளை அவள் சேர்த்து வைக்கவில்லை. ஆகவே அஞ்சல் முத்திரையும் இல்லை, தேதியும் இல்லை. தாள்களில் தமிழ் மாதமும் கிழமையும் மட்டுமே உண்டு. அவற்றுள் மூன்று, போருக்கு முன் நீ எழுதியவை. மீதிப் பதினொன்று?

அதற்கு வருகிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்.

தேன்மொழியின் தோழி ஜைனம்பு தினமும் பிற்பகலில் படிக்க வருவாள். டெஸ்கர் சாலையில் கடை வைத்திருக்கும் சாயபுவின் மகள், கூர்மையான பெண். சென்ற வாரம் இருவரும் கூடத்துத் தரையில் தாள்களைப் பரப்பி வைத்திருந்தார்கள். நான் சாய்வு நாற்காலியில் பதிகம் ஒன்றை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

"இங்க பாரு, முதல் மூணுலயும் தலைப்புல பிள்ளையார் சுழி இல்ல. அப்பா சாமி கும்பிட மாட்டாங்க, அதான். நாலாவதுலேருந்து எல்லாத்துலயும் சுழி இருக்கு" என்றாள் தேன்மொழி.

"அதுக்கு என்னா?"

"அதுக்கு என்னாவா? ஜப்பான்காரன் காலத்துல பட்ட கஷ்டம் அப்பாவ மாத்திடுச்சு. கடவுள் நம்பிக்கை வந்திடுச்சு. ஆதாரம் இருக்கு, பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாரு."

"பலே, பெரிய துப்பறியும் புலி. சரி, இன்னொன்னு பாத்தியா? முதல் மூணுல உங்கப்பா எவ்வளவு கிண்டல் பண்றாரு. நேர்த்திக்கடன் ஆட்டுக்கு வயசாயிடுச்சு, அது சாகறதுக்குள்ள வேண்டுதல முடிங்கன்னு அம்மாவுக்கே எழுதறாரு. அப்புறம் வர்றதுல சிரிப்பே இல்லலா. உங்க பெரியப்பா பேசற மாதிரியே இருக்கு."

அவள் வேடிக்கையாகத்தான் சொன்னாள். இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நாவில் இருந்த அடி மறந்துவிட்டது.

வேலாயுதம், இப்போது சொல்கிறேன். அந்தப் பதினொன்றையும் எழுதியவன் நான்.

வெள்ளைக்காரன் திரும்பி வந்த சில மாதங்களில், தேறிவிடுவாய் என்று நாங்கள் நினைத்திருந்த காய்ச்சலில் நீ போனாய். உன் பதினாறாம் நாள் முடிந்த வாரத்தில், போருக்குப் பிறகு அம்மாவிடமிருந்து முதல் கடிதம் வந்தது. எதிர்வீட்டு வாத்தியார் அவளுக்காக எழுதியிருந்தார். இளைய மருமகள் பிரசவத்தில் போன செய்தியே அவளுக்கு அதுவரை தெரியாது. இளையவன் கையால் இரண்டு வரி வந்தால்தான் தனக்குச் சோறு இறங்கும் என்று சொல்லியிருந்தாள். நான் என்ன செய்திருக்க வேண்டும்? நீ இருந்தால் உண்மையை எழுதச் சொல்லியிருப்பாய். எனக்கு அந்தத் துணிவு இல்லை. இரண்டு வரி எழுதினேன், உன் பெயரில். நாம் இருவரும் ஒரே வாத்தியாரிடம் மணலில் எழுதிப் பழகியவர்கள். கையெழுத்து எனக்குத் தடையாக இருக்கவில்லை. அம்மா மறையும்வரை மூன்று ஆண்டுகள் எழுதினேன். உன் மரணச் செய்தி எப்படியாவது கடல் தாண்டிவிடுமோ என்று அஞ்சி, ஊருக்குப் போகிற ஒவ்வொருவரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

சுழியை நான் நினைத்துப் போடவில்லை. தாளை எடுத்தால் என் கை முதலில் அதைத்தான் போடும். இன்று இந்தத் தாளின் தலையில் அது இல்லை. வலக்கையை இடக்கையால் பிடித்துக்கொண்டு தொடங்கினேன்.

ஞாயிறுதோறும் கோயில் மண்டபத்தில் பழைய பாடல்களின் பாடபேதங்களை ஒப்பிட்டுப் பேசும் வழக்கம் எனக்கு உண்டு. இந்த அடி அந்த அருளாளரின் வாக்கு அன்று, பின்வந்தவர் எவரோ செருகியது என்று எத்தனையோ முறை தீர்ப்பு வழங்கியிருக்கிறேன். பிறர் வாக்கில் தன் வாக்கைக் கலப்பவனுக்குக் கதி இல்லை என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் தலையசைத்தார்கள்.

தேன்மொழி தன் விடையை ஆசிரியையிடம் காட்டினாள். அவர் தமிழ் அறியாதவர். இவள் மொழிபெயர்த்துச் சொன்னதை நம்பி, நுட்பமான விடை என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார். அதை என்னிடம் நீட்டியபோது எனக்கு முதலில் தோன்றியது அச்சம் அன்று. மறைக்காமல் சொல்கிறேன்: மகிழ்ச்சி. வாழ்நாளெல்லாம் நான் இழுத்தும் கோயில் வாசலைத் தாண்டாத என் தம்பி, ஒரு பள்ளிக்கூடத் தாளில் அடியவன் ஆகிவிட்டான். ஒரு நாள் முழுவதும் அந்த மகிழ்ச்சியை நான் சுமந்து திரிந்தேன். என்ன அண்ணன் நான்?

மறுநாள் அவள் கேட்டாள்: "பெரியப்பா, டீச்சர் வருஷம் போடச் சொன்னாங்க. அப்பா எந்த வருஷம் போனாங்க?"

நாம் திதி பார்க்கிறவர்கள். மாதமும் பிறையும் தெரிந்தால் போதும். ஆண்டை யாரும் சொல்லிக்கொள்வதில்லை. இத்தனை காலமும் அந்த வழக்கம் என்னைக் காப்பாற்றிவந்தது. நான் மூன்று ஆண்டுகளைக் கூட்டிச் சொன்னேன். அவள் கண்ணெதிரே, பென்சிலால் எழுதிக்கொள்ளும் அளவுக்கு நிதானமாகச் சொன்னேன்.

அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வெயிலில் கிளம்பிக் கால் போன போக்கில் ரேஸ் கோர்ஸ் சாலை வரை போவேன். எதற்கு வந்தேன் என்று தெரியாமல் திரும்புவேன். சந்நிதியில் நாற்பது ஆண்டுகளாகப் பாடிய பதிகத்தில் ஏழாம் பாட்டுக்குப் பின் ஒன்பதாம் பாட்டைத் தொடங்கிவிட்டேன். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

உன் அண்ணியிடம் சொன்னேன். "பரீட்சை முடியட்டும்ங்க. பத்து நாள்ல வானம் இடிஞ்சா விழுந்திடும்? பிள்ளை படிச்சதெல்லாம் மறந்திடப் போவுது" என்றாள். அதிலும் நியாயம் இருந்தது. ஆனால் அவள் கற்றுக்கொண்டிருப்பதே பொய்யையும் மெய்யையும் பிரிக்கும் வித்தை அல்லவா? அதைப் பொய்யின் மேல் வைத்துப் பழக விடலாமா? முடிவு காண முடியாமல் தள்ளிக்கொண்டே போனேன்.

நேற்றுக் காலை உன் திதி. உன் விருப்பத்துக்கு இணங்கி உன் படத்துக்கு மாலை மட்டும்தான் போடுவோம். திருநீறு இடுவதில்லை. ஒருமுறை நான் இடப் போனபோது, எட்டு வயதில் என் கையைத் தட்டிவிட்டவள் தேன்மொழி. நேற்று அவளே குளித்துவிட்டு வந்து, என் சம்புடத்தைத் திறந்து விரலில் நீற்றைத் தொட்டுக்கொண்டாள்.

"இந்த வருஷம் வைக்கலாம் பெரியப்பா. அப்பாவே மாறிட்டாங்க. இத்தனை வருஷம் தெரியாம விட்டுட்டோம்."

அவள் விரல் உன் நெற்றிக்கு ஓர் அங்குலம் அருகில் இருந்தது. நான் எத்தனையோ முறை வேண்டிக்கொண்ட காட்சி அது, தம்பி. ஒரு கணம் சும்மா இருந்திருந்தால் போதும். அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

"வேண்டாம்மா. உங்கப்பா மாறல. அந்தக் கடுதாசி எழுதினது நான்."

அவள் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. உயர்த்திய விரலோடே நின்று கேட்டாள்.

"எதை?"

"நாலாவதுலேருந்து எல்லாத்தையும்."

"யாருக்காக?"

"உங்க அப்பாயிக்காக. அவங்களுக்குப் பிள்ளை செத்தது தெரியக் கூடாதுன்னு."

"அப்பாயி செத்து எத்தனை வருஷம் ஆச்சு? எனக்கு ஏன் சொல்லல?"

அம்மாவுக்காகத் தொடங்கியதை யாருக்காகத் தொடர்ந்தேன்? ஆசையோடு அவள் அந்தத் தாள்களைத் தடவிப் படிப்பதைப் பார்த்து வாய் மூடினேன் என்று சொல்லலாம். அதுவும் முழு உண்மை அன்று. உன்னை என் பக்கம் வைத்துக்கொள்ள எனக்கு ஆசை இருந்தது.

"அப்போ அப்பா எழுதினது மூணுதானா?" என்று கேட்டாள். தலையசைத்தேன். விரலில் இருந்த நீற்றைத் தண்ணீர்க் குழாயில் கழுவினாள். கம்பித் துளையிட்ட தாள்களில் மூன்றை மட்டும் எடுத்து நோட்டுப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு, ஜைனம்பு வீட்டுக்குப் போய்விட்டாள். சாப்பிட வரவில்லை. உன் அண்ணி இலையைப் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்தபடி இருந்தாள். எனக்கு எதிரே அவள் விட்டுப்போன பதினொரு தாள்களும் காற்றில் படபடத்தன. எழுந்து போய் எடுத்து வைக்கவும் கை வரவில்லை.

மாலையில் வந்தாள். கண் சிவந்திருந்தது. பழைய விடையைக் குறுக்கே அடித்திருந்தாள். சிவப்பு மைப் பாராட்டும் அந்தக் கோட்டுக்குள் போய்விட்டது. புதிய தாளை எடுத்துக்கொண்டு என் எதிரே அமர்ந்தாள்.

"அப்பா போன வருஷத்தைச் சொல்லுங்க பெரியப்பா. சரியான வருஷம்."

சொன்னேன். பென்சிலால் அன்று, பேனாவால் எழுதிக்கொண்டாள்.

"அந்தப் பதினொன்னையும் எடுத்துட்டு வாங்க. அதுவும் ஆதாரந்தான். அப்பாவைப் பத்தி இல்ல, உங்களைப் பத்தி."

அதன் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை. இன்று காலை அவள் பள்ளிக்குக் கிளம்பியபோது, போய் வருகிறேன் என்று உன் அண்ணியிடம் மட்டும் சொன்னாள். என்னை மன்னிப்பாளா என்று உன்னைக் கேட்கிறேன். நீ எப்படிப் பதில் சொல்வாய்? புருவத்தை உயர்த்திவிட்டுக் காத்திருப்பாய். தேர்வில் இவள் என்ன எழுதப் போகிறாளோ என்ற கவலை ஒருபக்கம் அரித்தாலும், இனி இவளை எவரும் எளிதில் ஏமாற்ற முடியாது என்ற நினைவு மறுபக்கம் வந்து நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே கூடத்தில் நடந்துகொண்டிருக்கிறேன்.

பதிகம் பாடிய பெரியோர் கடைசிப் பாட்டில் தம் பெயரைச் சொல்லி முடிப்பார்கள்; இது என் வாக்கு, இதற்கு நான் பொறுப்பு என்று உலகுக்குச் சொல்வது அது. நான் எழுதிய பதினொன்றில் ஒன்றில்கூட என் பெயர் இல்லை.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இன்று அவள் பள்ளியிலிருந்து வருவதற்குள், அந்தப் பதினொரு தாள்களின் கீழும், உன் பெயருக்கு அடியில், இதை எழுதியவன் நான் என்று என் பெயரையும், எழுதிய ஆண்டையும் இட்டு வைப்பேன். அவள் படிக்கலாம், கிழிக்கலாம், ஆசிரியையிடம் காட்டலாம். இனி உன் வாயில் ஒரு சொல்லையும் நான் வைக்க மாட்டேன். நீ நம்பாதவனாக வாழ்ந்தாய், நம்பாதவனாகவே இறந்தாய். நான் வணங்கும் இறைவனிடம் அதை அப்படியே சொல்லி உனக்காக வேண்டிக்கொள்வேன்.

பிழை செய்த கையால் ஒப்பமிடும்
உன் அண்ணன்,
மாணிக்கம்