நைட் டியூட்டியில் இருந்த டீச்சர்

அன்புள்ள பாப்பா அம்மாவுக்கு,

இங்கு நான் சுகம். அங்கே நீங்கள் இருவரும் நலம்தானே? உன் முழங்கால் வலி குறைந்ததா? போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

போன வாரம் நாங்கள் வேலைக்காகத் தங்கியிருக்கும் கேம்பில் சமையல்காரர் கையில் கொதிக்கும் எண்ணெய் கொட்டிவிட்டது. பயப்படாதே, என் கை பத்திரம். நர்ஸ் மகளைப் பெற்ற பாவத்துக்கு இங்கே என் பெயரே 'டாக்டர்' அல்லவா? வழக்கம்போல் பாப்பாவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன்.

"குழாய்த் தண்ணியில கையக் காட்டச் சொல்லுங்கப்பா. பேஸ்ட் கீஸ்ட் தடவிடாதீங்க" என்றாள். பின்னாலிருந்து ஒரு பிஞ்சுக் குரல், "டீச்சர், இவன் என்னைக் கிள்ளிட்டான்!"

சமையல்காரர் வலியை மறந்து சிரித்தார். "யோவ் டாக்டரு, ஆஸ்பத்திரியில ஏதுய்யா டீச்சரு?"

நானும் சிரித்துவைத்தேன். சாயங்காலம் பாப்பாவே கூப்பிட்டு, அழுதுகொண்டே எல்லாம் சொன்னாள்.

அவள் நர்ஸ் வேலையை விட்டு பி.எட். படித்து டீச்சரானதில் தப்பே இல்லை. எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு டீச்சர் மகள் கசக்குமா? நான் கவலைப்படுவேன் என்று மறைத்தீர்களாம். ஆனால் இரண்டு வருஷமாக நான் கேட்டபோதெல்லாம் "நைட் டியூட்டி முடிஞ்சு தூங்குறா" என்றாயே. அவள் அப்போது காலேஜில் உட்கார்ந்திருக்க, இந்தப் புத்திசாலி அப்பன் அவள் எழுந்துவிடக் கூடாதென்று குரலைத் தாழ்த்திப் பேசினான்.

அவள் வகுப்பில் நிற்கிற போட்டோ ஒன்று அனுப்பு. வார்டுக்கென்று நான் அனுப்பிய வெள்ளை ஷூவை எறிந்துவிடாதே. டீச்சரும் நிற்கத்தானே வேண்டும்.

வேலைக்குக் கூட்டிப்போக வண்டிக்காரன் வந்து ஹாரன் அடிக்கிறான். இனிமேல் அவள் தூங்குகிறாள் என்று மட்டும் சொல்லாதே. நிஜமாகவே தூங்கினாலும் எனக்கு நம்பிக்கை வராது.

பாப்பா அப்பா