மேட்டுச்சாலைப் பெஞ்சு

மார்ச் 4

அக்காவுக்கு மரியாதை செய்கிறோம் என்று சொல்லி, அக்கா போராடிப் போட வைத்த பெஞ்சையே பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். அது தப்பு என்று சொல்லக் குடியிருப்போர் சங்கத்தில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

கடைத்தெருவிலிருந்து வீடுகளுக்கு ஏறும் சாலையின் பாதியில், மருந்துக்கடைக்கு எதிரே இருந்த பெஞ்சு. இப்போது பூங்காவில் பூச்செடிகளுக்கு நடுவே நிற்கிறது. புது வார்னிஷ். முதுகில் அக்கா பெயர் பொறித்த பித்தளைத் தகடு. பூங்கா சமதரை. அங்கே யாருக்கு மூச்சு வாங்குகிறது?

மார்ச் 5

நேற்றைய கோபம் இன்றும் அப்படியே இருக்கிறது. நல்லது.

தெருவிளக்கு, சாக்கடை மூடி எல்லாம் அக்கா மனு எழுதியே வந்தவை. பெஞ்சுக்காக அவள் நடந்த நடையில், அவள் குடை தெரிந்தாலே நகராட்சி எழுத்தர் சாப்பிடப் போய்விடுவார். அக்கா அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்து காத்திருப்பாள்.

பெஞ்சு வந்ததும் சட்டமும் போட்டாள். “இது மூச்சு வாங்கத்தான், குடியிருக்க இல்ல.” அடுத்த ஆள் வந்தால் உட்கார்ந்திருப்பவர் எழுந்து, வந்தவரின் சுமையில் ஒன்றை வாங்கிக்கொண்டு மேலே ஏற வேண்டும். பேச்சுவார்த்தை முறிந்த சம்பந்திகள் இரண்டு பேர் ஒருவர் வெங்காயத்தை ஒருவர் சுமந்து ஏறியதை நானே பார்த்தேன். மேலே போனதும் மறுபடி முறைத்துக்கொண்டார்கள். ஆனால் வெங்காயம் வீடு சேர்ந்தது.

மார்ச் 7

சங்கச் செயலாளர் வீட்டுக்குப் போனேன். அக்கா மடியில் வளர்ந்த பையன்.

“மாமா, பூங்கான்னா நாலு பேர் கண்ணுல படும். பெரியம்மா பேரு நிக்கும்.”

“பேரு நிக்கட்டும்டா. உங்கம்மா எங்க உக்காருவா?”

“அம்மாவ நான் கார்ல கூட்டிட்டுப் போறேனே.”

“எப்போ?”

சிரித்து மழுப்பினான். டீயைத் தொடாமல் வந்துவிட்டேன். ஏலக்காய் போட்ட டீ. அது வேறு விஷயம்.

மார்ச் 8

சமையலறை நாற்காலியைத் தூக்கிப் போய், பெஞ்சு இருந்த இடத்தில் போட்டு உட்கார்ந்தேன்.

மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். “என்ன ஐயா, போராட்டமா? கோஷமெல்லாம் இல்லையா?”

“மூச்சு வாங்கட்டும், அப்புறம் போடறேன்.”

மார்ச் 10

மழை. குடையோடு உட்கார்ந்தேன். அக்கா குடைதான்.

மார்ச் 12

தையல்காரம்மா துணி மூட்டைகளோடு ஏறி வந்தார். என்னை அறியாமல் எழுந்து ஒன்றை வாங்கிக்கொண்டேன். அவர் உட்கார்ந்து எழுந்ததும் இருவரும் மேலே போனோம். திரும்பி இறங்கினால் என் நாற்காலியில் செயலாளரின் அம்மா! காலடியில் இரண்டு காய்கறிப் பை.

“எந்திரிக்கவா அண்ணே?”

“உக்காரும்மா. காரு என்னாச்சு?”

“அவன் ஆபீசுக்குப் போயிட்டான். காரும் கூடவே போயிடுச்சு.”

சிரித்தோம். சிரித்துக்கொண்டே பக்கத்தில் திரும்பினேன் — அக்காவிடம் சொல்ல. என்னக்கா, இதைக் கேக்க நீ இருந்திருக்கக் கூடாதா? எத்தன தடவ சொல்லிச் சொல்லிச் சிரிச்சிருப்ப.

அந்தம்மா என் முகத்தைப் பார்த்தார். ஒரு பையை நீட்டினார். தூக்கிக்கொண்டு ஏறினேன்.

மார்ச் 14

செயலாளர் வந்தான். அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்ட முகம்.

“ஞாயித்துக்கிழமை பெஞ்சத் திருப்பிக் கொண்டாந்துடலாம் மாமா.”

“தகட்ட எடுத்துடு. சாஞ்சா முதுகுல குத்துது.”

“பெரியம்மா பேரே வேணாமா?” கண் கலங்கிவிட்டது அவனுக்கு. அவனும் அவள் பிள்ளைதானே.

“மருந்துக்கடைச் சுவத்துல அடி. கீழ அவ சட்டத்தையும் எழுது.”

இதற்கு மேல் நான் இறங்கி வர மாட்டேன்.

மார்ச் 15, சனி

நாளை ஆக வேண்டியவை:

தகட்டின் திருகுகளைக் கழற்றுவது — நான். வேறு யாரும் கை வைக்கக் கூடாது.

பெஞ்சைத் தூக்குவது — செயலாளர், மருந்துக்கடைக்காரர். கெஞ்சினால் நானும் ஒரு பக்கம் பிடிப்பேன்.

காலைப் பதிப்பது — கொத்தனார்.

சுவரில் சட்டம் எழுதுவது — தையல்காரம்மா. கையெழுத்து அழகு.

சிமென்ட் காயும்வரை யாரையும் உட்கார விடாமல் விரட்டுவது — செயலாளரின் அம்மா. அதற்குரிய குரல் இருக்கிறது.

டீ — செயலாளர் வீடு. குடிப்பேன்.

என் நாற்காலியை மேலே சுமந்து வருவது — நான் போய்ச் சேரும்போது அதில் யார் உட்கார்ந்திருக்கிறார்களோ, அவர்கள்.