இவருக்குப் பதில் இவர்

என்னங்க,

"இன்னைக்கு உனக்கு சீன் இல்ல, தூங்கு" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். கண்ணாடியை மறந்துவிட்டீர்களே என்று எடுத்துக்கொண்டு ஷூட்டிங்குக்கு வந்தேன்.

மேக்கப் அறையில் என் நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். பதறி எழுந்து, "அக்கா, இனிமே நான்தான் அம்மா வேஷம். நீங்கதான் சொல்லித்தரணும்" என்றாள். நம் சீரியலில் பதினாறு வருடமாக நான் போட்ட வேஷம். யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்துச் சிரித்துக்கூட விட்டேன்.

டைரக்டரிடம் ஓடினேன். "அம்மா கொஞ்சம் இளமையா இருக்கணும்னு சேனல்ல சொல்றாங்கம்மா" என்றார்.

"அப்பாவோட வயசைக் கேட்டாங்களா?" என்றேன். கதையில் அப்பா நீங்கள்தானே, என்னைவிட ஏழு வயது மூத்தவர்.

அவர் தலைகுனிந்தார். "சார்கிட்ட போன வாரமே சொல்லிட்டோமே. நானே பக்குவமா சொல்லிக்கிறேன்னாரு."

உங்கள் கண்ணாடியை டைரக்டரிடமே கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். எப்படியோ தங்கை வீட்டுக்கு வந்துவிட்டேன். இங்கேதான் இருக்கிறேன், தேட வேண்டாம்.

கோபம்கூட இன்னும் வரவில்லை. ஒன்றுதான் புரியவில்லை. அடுத்த வார சீனுக்கு நேற்றுகூட என்னை எதிரில் உட்காரவைத்து ஒத்திகை பார்த்தீர்களே. நான் அதில் நடிக்கப்போவதில்லை என்று தெரிந்தும், "நீ இல்லாம நான் ஏது?" என்ற வசனத்தை எப்படி என் முகத்தைப் பார்த்துச் சொன்னீர்கள்?

இனி வீட்டில் மட்டும்,
உங்கள் மனைவி